ஜார்ஜ் லோமன்

ஜார்ஜ் ஆல்ஃபிரட் லோமன் (ஜூன் 2, 1865 – டிசம்பர் 1, 1901) பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த இங்கிலாந்துத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரர். வலக்கை மிதவேகப் பந்துவீச்சாளர். சர்ரே கவுண்டி அணிக்காகவும், 1886 முதல் 1896 வரை இங்கிலாந்து அணிக்காகவும் விளையாடினார். 18 டெஸ்ட் போட்டிகளில் 112 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 10.75. டெஸ்ட் துடுப்பாட்டத்தில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர்களில் இதைவிடக் குறைந்த சராசரி வேறு எவருக்கும் இல்லை. மிகக் குறைந்த போட்டிகளில் (16) 100 விக்கெட்டுகளை எட்டியவரும் அவரே. நூற்றாண்டுக்கும் மேலாகியும் இவ்விரு சாதனைகளும் முறியடிக்கப்படவில்லை.

இவ்வளவு பெரிய சாதனையாளர் இங்கிலாந்து அணிக்காகக் கடைசியாக ஆடியபோது அவருக்கு வயது 31. காசநோய் அவர் உடலைத் தளர்த்தியது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று கேட்டது அவருடைய டெஸ்ட் வாழ்வை முடித்து வைத்தது. அவர் 36ஆம் வயதில் தென்னாப்பிரிக்காவில் காலமானார்.

பிறப்பும் தொடக்கமும்

லோமன் லண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில், நடுத்தர வர்க்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்காலத்தில் துடுப்பாட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர், நெசவாளர், கைவினைஞர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஓரளவு வசதியும் கல்வியும் உள்ள குடும்பத்திலிருந்து ஓர் இளைஞர் பணம் பெற்று ஆடும் ஆட்டக்காரராக வருவது அரிது. இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் அவர் ஊதியம் பற்றி நிர்வாகத்தினரிடம் துணிந்து பேசியதன் காரணம் விளங்கும்.

1884ஆம் ஆண்டில், 19 வயதை எட்டும் பருவத்தில், சர்ரே அணிக்காக முதல்தரப் போட்டிகளில் ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே ஒரே பருவத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்து அணியின் முதன்மைப் பந்துவீச்சாளரானார். 1886இல் இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்தது.

அக்காலத் துடுப்பாட்டத்தின் நிலை

லோமனின் சாதனைகளைச் சரியாக எடைபோட, அவர் ஆடிய காலத்தின் ஆட்டச் சூழலைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆடுகளம்: இன்று மழை வந்தால் ஆடுகளத்தை மூடிவிடுகிறார்கள். அன்று ஆடுகளம் வெட்ட வெளியில் நனைந்தபடியே கிடக்கும். மழை நின்று வெயில் அடித்ததும், நனைந்த களிமண் மேற்பரப்பு காயத் தொடங்கும். அந்த வேளையில் பந்து தரையைக் கவ்விப் பிடித்துத் திடீரென எழும்பும், கூர்மையாகத் திரும்பும். மட்டையாளர்களுக்கு இது பெரும் சோதனை. 50, 60 ஓட்டங்களுக்குள் ஓர் அணி சுருண்டுவிடுவது அன்று வியப்பான செய்தி அல்ல.

ஓவர்: இங்கிலாந்தில் 1888 வரை ஓர் ஓவருக்கு நான்கு பந்துகளே வீசப்பட்டன. 1889இல் அது ஐந்தாகவும், 1900இல் ஆறாகவும் ஆனது. ஆகவே லோமன் வீசிய ஓவர்களின் எண்ணிக்கையை இன்றைய கணக்கோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

இரு வகை ஆட்டக்காரர்கள்: ஆட்டக்காரர்கள் அமெச்சூர், தொழில்முறையாளர் என இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். அமெச்சூர்கள் 'கனவான்கள்' எனப்பட்டனர். அவர்கள் ஊதியம் பெறுவதில்லை, செலவுத்தொகை மட்டுமே பெறுவார்கள் என்பது விதி. தொழில்முறையாளர்கள் ஊதியம் பெற்று ஆடினர். இரு பிரிவினருக்கும் உடை மாற்றும் அறைகள் தனித்தனி. பல மைதானங்களில் களத்துக்குள் இறங்கும் வாயிலும் வேறு. ஓட்டப் பட்டியலில் அமெச்சூரின் பெயர் 'திரு' என்ற அடைமொழியோடோ முதலெழுத்துகளோடோ அச்சாகும், தொழில்முறையாளரின் குடும்பப் பெயர் மட்டுமே மொட்டையாக இருக்கும். அணித்தலைவர் பதவி ஏறத்தாழ எப்போதும் அமெச்சூருக்கே. இந்தப் பாகுபாடு இங்கிலாந்தில் 1962இல்தான் முறைப்படி ஒழிக்கப்பட்டது.

கவுண்டிப் போட்டி ஒன்றுக்குத் தொழில்முறையாளருக்குச் சுமார் 5 அல்லது 6 பவுண்டு கிடைத்தது. பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கு அதிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். காயம் பட்டாலோ நோயுற்றாலோ வருமானம் நின்றுவிடும்.

பந்துவீச்சு முறை

லோமன் பெரும் வேகத்தில் வீசியவர் அல்லர். பந்தின் வேகத்தையும் உயரத்தையும் விழும் இடத்தையும் நுட்பமாக மாற்றி மாற்றி வீசுவதே அவர் வலிமை. கை அசைவில் எந்த மாற்றமும் தெரியாமல் ஒரு பந்தைச் சற்று மெதுவாக விடுவார். மட்டையாளர் பந்து தம் காலடிக்கு அருகில் வந்து விழும் என்று எண்ணி மட்டையை நீட்டுவார். பந்தோ சற்று முன்னதாகவே விழுந்து, மட்டையின் விளிம்பில் பட்டுப் பிடியாகும்.

வலக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே திரும்பும் ஆஃப் பிரேக் அவருடைய முதன்மைப் பந்து. அதோடு எதிர்த்திசையில் விலகிச் செல்லும் பந்தையும், திரும்பாமல் நேரே செல்லும் பந்தையும் கலந்து வீசுவார். அக்காலத்துப் பந்துவீச்சாளர் பலர் ஒரே இடத்தில் ஒரே மாதிரியான பந்தை நாள் முழுதும் போட்டு மட்டையாளரின் பொறுமையைச் சோதிப்பார்கள். லோமன் ஒவ்வொரு மட்டையாளரின் பலவீனத்தையும் கவனித்து, அதற்கேற்பத் திட்டமிட்டு வீசினார். ஈரமான ஆடுகளத்தில் எவரும் அபாயகரமானவர் ஆகலாம். நல்ல, உலர்ந்த ஆடுகளத்திலும் விக்கெட் எடுக்க வழி தேடியவர் என்பதே லோமனுக்குரிய சிறப்பு.

ஸ்லிப் பகுதியில் நின்று பந்தைப் பிடிப்பதிலும் அவர் தம் காலத்தின் தலைசிறந்தவர்களில் ஒருவர். முதல்தரப் போட்டிகளில் 300க்கும் மேற்பட்ட பிடிகளைப் பிடித்துள்ளார். பின்வரிசையில் வந்து அதிரடியாக மட்டை வீசக்கூடியவர். முதல்தரப் போட்டிகளில் மூன்று சதங்கள் அடித்துள்ளார், அதிகபட்சம் 115. டெஸ்ட் போட்டிகளில் அவருடைய அதிகபட்சம், 1888இல் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் எடுத்த 62.

சர்ரே அணியின் எழுச்சி

1864க்குப் பிறகு நீண்ட காலம் முதலிடத்தைத் தொட முடியாமல் இருந்த சர்ரே அணி, லோமன் வந்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் முன்னணி அணியாக மாறியது. ஜான் ஷூட்டர் தலைமையில் 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்றது. 1889இல் லங்காஷயர், நாட்டிங்காம்ஷயர் அணிகளோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. கவுண்டி வாகையர் போட்டி முறைப்படி தொடங்கிய 1890இலும், அடுத்த இரு ஆண்டுகளிலும் சர்ரேயே வென்றது.

இந்த வெற்றிகளின் பெருஞ்சுமையைத் தாங்கியவர் லோமன். 1888இல் 209, 1889இல் 202, 1890இல் 220 என அடுத்தடுத்து மூன்று பருவங்களில் 200க்கு மேற்பட்ட முதல்தர விக்கெட்டுகளை எடுத்தார். இங்கிலாந்தின் துடுப்பாட்டப் பருவம் மே முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான். வாரத்துக்கு ஆறு நாள் ஆட்டம், இடையே புகைவண்டிப் பயணம், மறுநாள் காலை மீண்டும் பந்துவீச்சு என்று அந்த மாதங்கள் கழிந்தன. 1886-87, 1887-88, 1891-92 ஆகிய குளிர்காலங்களில் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் போய் வந்தார். இந்த ஓயாத உழைப்பு அவர் உடல்நலத்தைப் பாதித்தது என்று பலரும் கருதுகின்றனர்.

1889ஆம் ஆண்டு விஸ்டன் ஆண்டு மலர், சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பிக்கும் வழக்கத்தைத் தொடங்கியது. முதல் முறையாக அது தேர்ந்த ஆறு பந்துவீச்சாளர்களில் லோமனும் ஒருவர்.

டெஸ்ட் போட்டிகள்: 1886 – 1892

1886இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் இரு போட்டிகளில் லோமனால் பெரிதாக எதுவும் செய்ய இயலவில்லை. ஓவலில் நடந்த மூன்றாவது போட்டியில் நிலைமை மாறியது. டபிள்யூ. ஜி. கிரேஸ் 170 ஓட்டங்கள் எடுத்த அந்தப் போட்டியில், லோமன் முதல் இன்னிங்ஸில் 36 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 68 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளையும் சாய்த்தார். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 68 ஓட்டங்களில் சுருண்டு, இன்னிங்ஸ் தோல்வி கண்டது.

1886-87 பயணத்தில் சிட்னியில் இரு டெஸ்ட் போட்டிகள் நடந்தன. முதல் போட்டியில் இங்கிலாந்து 45 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்த பின்னும் 13 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. இரண்டாவது போட்டியில் லோமன் 35 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை எடுத்தார். டெஸ்ட் வரலாற்றில் ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட்டுகள் எடுத்த முதல் பந்துவீச்சாளர் அவரே.

1887-88 குளிர்காலத்தில் இரு வேறு இங்கிலாந்து அணிகள் ஒரே நேரத்தில் ஆஸ்திரேலியாவில் பயணம் செய்தன. இரண்டும் சேர்ந்து சிட்னியில் ஒரே ஒரு டெஸ்ட் போட்டியில் ஆடின. லோமனும் யார்க்ஷயரைச் சேர்ந்த இடக்கைச் சுழலர் பாபி பீலும் ஆளுக்கு 9 விக்கெட்டுகள் எடுத்தனர். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் எடுத்த மொத்த ஓட்டங்கள் 42.

1891-92இல் ஷெஃபீல்டு பிரபுவின் செலவில், கிரேஸ் தலைமையில் சென்ற அணியிலும் லோமன் இருந்தார். சிட்னியில் நடந்த இரண்டாவது டெஸ்டில் 58 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தார். ஆயினும் இரண்டாவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 391 ஓட்டங்கள் குவித்து 72 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது.

நோய்

1892ஆம் ஆண்டுப் பருவத்திலும் லோமன் 150க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். ஆனால் உடல் தளர்ந்திருந்தது. அவருக்குக் காசநோய் இருப்பது தெரியவந்தது. அப்போது வயது 27.

காசநோயை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1882இல் கண்டறிந்திருந்தார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து 1940களில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்களால் சொல்ல முடிந்தது ஓய்வு, சத்துணவு, உலர்ந்த காற்று ஆகியவை மட்டுமே. லண்டனின் புகையும் ஈரமும் நோயாளிக்கு ஒவ்வாதவை. வசதி படைத்த ஆங்கிலேய நோயாளிகள் சுவிட்சர்லாந்தின் மலைகளுக்கோ தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ சமவெளிக்கோ செல்வது வழக்கம். லோமன் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார்.

1893, 1894 ஆகிய இரு பருவங்களிலும் அவரால் சர்ரேக்காக ஆட முடியவில்லை. பந்துவீசி வாழ்ந்தவருக்கு 28, 29 வயது என்பது உச்சப் பருவம். அந்த ஆண்டுகள் முழுமையாகப் பறிபோயின. 1895இல் இங்கிலாந்து திரும்பி மீண்டும் சர்ரேக்காக ஆடினார், ஆனால் பழைய உடல்வலிமை திரும்பவில்லை. அவர் இல்லாத காலத்தில் டாம் ரிச்சர்ட்சன், பில் லாக்வுட் என்னும் இரு வேகப்பந்து வீச்சாளர்கள் சர்ரேயில் உச்சத்துக்கு வந்திருந்தனர்.

1895-96: தென்னாப்பிரிக்கப் பயணம்

ஹாக் பிரபு தலைமையிலான அணி 1895-96இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. ஜேம்சன் படையெடுப்பு என்னும் அரசியல் நெருக்கடியால் நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம் அது. மூன்று டெஸ்ட் போட்டிகளில் லோமன் 203 ஓட்டங்கள் கொடுத்து 35 விக்கெட்டுகளை எடுத்தார். சராசரி 5.80.

போட்டிவாரியாக அவருடைய பந்துவீச்சு:

போர்ட் எலிசபெத்: 38 ஓட்டங்களுக்கு 7, 7 ஓட்டங்களுக்கு 8
ஜோகன்னஸ்பர்க்: 28 ஓட்டங்களுக்கு 9, 43 ஓட்டங்களுக்கு 3
கேப் டவுன்: 42 ஓட்டங்களுக்கு 7, 45 ஓட்டங்களுக்கு 1

போர்ட் எலிசபெத்தில் 319 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் தென்னாப்பிரிக்கா 30 ஓட்டங்களில் சுருண்டது. கடைசி மூன்று விக்கெட்டுகளை அடுத்தடுத்த பந்துகளில் வீழ்த்தி, ஹாட்ரிக் சாதனையோடு லோமன் போட்டியை முடித்து வைத்தார். டெஸ்ட் வரலாற்றில் அது நான்காவது ஹாட்ரிக். 1955இல் நியூசிலாந்து 26 ஓட்டங்களில் ஆட்டமிழக்கும் வரை, 30 என்பதே டெஸ்ட் இன்னிங்ஸ் ஒன்றின் மிகக் குறைந்த ஓட்டமாக இருந்தது.

ஜோகன்னஸ்பர்க்கில் 28 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள் எடுத்தபோது, டெஸ்ட் இன்னிங்ஸ் ஒன்றில் 9 விக்கெட்டுகள் எடுத்த முதல் வீரரானார். 1956இல் ஜிம் லேக்கர் ஓர் இன்னிங்ஸின் 10 விக்கெட்டுகளையும் எடுக்கும்வரை அதுவே டெஸ்டின் மிகச் சிறந்த பந்துவீச்சாக இருந்தது. அதே போட்டியின் இரண்டாவது இன்னிங்ஸில் லோமன் தம் 100ஆவது டெஸ்ட் விக்கெட்டையும் எடுத்தார். அது அவருடைய 16ஆவது போட்டி.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு செய்தியை மறக்கக் கூடாது. அன்றைய தென்னாப்பிரிக்க அணி வலுக் குறைந்த அணி. 1889இல் கேப் டவுனில் ஜானி பிரிக்ஸ் அதே நாட்டுக்கு எதிராக ஒரே போட்டியில் 28 ஓட்டங்களுக்கு 15 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். எனினும், நோய் தாக்கி இரு ஆண்டுகள் களத்தை விட்டு விலகியிருந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதும் உண்மை.

1896: ஊதியப் பூசல்

1896 ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்டில் லோமன் ஆடினார். ஆஸ்திரேலியா 53 ஓட்டங்களில் ஆட்டமிழந்த இன்னிங்ஸில், ரிச்சர்ட்சன் 6 விக்கெட்டுகளும் லோமன் 13 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளும் எடுத்தனர். அதுவே லோமனின் கடைசி டெஸ்ட் போட்டி ஆகும் என்று அப்போது எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தொடரின் மூன்றாவது போட்டி ஆகஸ்ட் மாதம் ஓவலில் நடைபெற இருந்தது. இரு அணிகளும் ஆளுக்கு ஒரு போட்டியில் வென்றிருந்ததால், தொடரின் முடிவு இந்தப் போட்டியைப் பொறுத்திருந்தது. போட்டிக்குச் சில நாட்களே இருந்த நிலையில், தேர்வு செய்யப்பட்ட ஐந்து தொழில்முறையாளர்கள் சர்ரே நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினர். சர்ரேயைச் சேர்ந்த லோமன், பாபி ஏபல், டாம் ஹேவர்டு, டாம் ரிச்சர்ட்சன் ஆகிய நால்வரும், நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் கன்னும் அந்த ஐவர். வழக்கமான 10 பவுண்டுக்குப் பதிலாக 20 பவுண்டு வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

கோரிக்கைக்குப் பின்னால் இரு காரணங்கள் இருந்தன.

முதலாவது, டெஸ்ட் போட்டிகளுக்குப் பல்லாயிரம் பேர் கட்டணம் செலுத்தி வந்தனர். வருவாய் பெருகியது, ஆனால் ஆட்டக்காரரின் பங்கு பல ஆண்டுகளாக 10 பவுண்டிலேயே நின்றது.

இரண்டாவது, அமெச்சூர்கள் உண்மையில் பணம் பெறாதவர்கள் அல்லர் என்பது ஊரறிந்த செய்தி. செலவுத்தொகை என்ற பெயரில் சிலர் தொழில்முறையாளர்களைவிட அதிகம் பெற்றனர். டபிள்யூ. ஜி. கிரேஸ் 1891-92 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு, செலவுகள் நீங்கலாக 3,000 பவுண்டு பெற்றார். 1895இல் அவருக்காகத் திரட்டப்பட்ட பொது நிதி 9,000 பவுண்டைத் தாண்டியது. அதே பயணத்தில் அதே களத்தில் பந்துவீசியவர் லோமன். விதிப்படி கிரேஸ் பணம் பெறாதவர், லோமன் கூலிக்கு ஆடுபவர்.

சர்ரே நிர்வாகம் கோரிக்கையை ஏற்கவில்லை. கடைசி நேரத்தில் நெருக்கடி கொடுத்த முறையும் அதற்குச் சினமூட்டியது. உடனே மாற்று ஆட்டக்காரர்களை அழைத்தது. ஏபல், ஹேவர்டு, ரிச்சர்ட்சன் மூவரும் கோரிக்கையைத் திரும்பப் பெற்று ஆடினர். லோமனும் கன்னும் ஆடவில்லை. கிரேஸ் பெறும் தொகை குறித்துப் பத்திரிகைகளில் எழுந்த விவாதத்தால், ஓவல் போட்டிகளுக்கு அவர் 10 பவுண்டுக்கு மேல் செலவுத்தொகை பெற்றதில்லை என்று சர்ரே அறிக்கை வெளியிட நேர்ந்தது. லோமன் இல்லாமலேயே இங்கிலாந்து வென்றது. இரண்டாவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா எடுத்தது 44 ஓட்டங்கள்தான்.

உறுதியாக நின்ற இருவரின் நிலையும் ஒன்றல்ல. கன் விளையாட்டுப் பொருள் தயாரிக்கும் 'கன் அண்டு மூர்' நிறுவனத்தின் பங்குதாரர். ஆட்டம் போனாலும் அவருக்குத் தொழில் இருந்தது. லோமனுக்கு அப்படிப்பட்ட பின்பலம் எதுவும் இல்லை. நோயுற்ற உடல், எத்தனை நாள் பந்துவீச முடியும் என்று தெரியாத எதிர்காலம் ஆகியவையே அவர் கையில் இருந்தவை. இழப்பதற்கு அதிகம் இருந்தவர் அவரே.

பின்னர் லோமன் சர்ரே நிர்வாகத்திடம் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அடுத்த பருவத்துக்கான ஊதியத்தில் உடன்பாடு ஏற்படவில்லை. 1896க்குப் பிறகு அவர் சர்ரேக்காகவோ இங்கிலாந்துக்காகவோ ஆடவே இல்லை.

சில ஆண்டுகளிலேயே நிலைமை மாறியது. உள்நாட்டு டெஸ்ட் போட்டிகளை ஒழுங்குபடுத்த 1898இல் தனி வாரியம் அமைக்கப்பட்டது. 1899ஆம் ஆண்டுத் தொடரில் தொழில்முறையாளர்களுக்குப் போட்டிக்கு 20 பவுண்டு வழங்கப்பட்டது. ஐவரும் கேட்ட அதே தொகை அது. லோமன் அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார்.

இறுதி ஆண்டுகள்

லோமன் கேப் காலனியில் தங்கி, வெஸ்டர்ன் பிராவின்ஸ் அணிக்காகச் சில போட்டிகளில் ஆடினார். கேப் டவுனிலிருந்து சுமார் 240 கி.மீ. தொலைவில், கரூ சமவெளியில் புகைவண்டிப் பாதையோரம் அமைந்த மாட்ஜிஸ்ஃபொன்டைன் என்னும் சிற்றூர் அவருக்குப் புகலிடமானது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து, புகைவண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகள் நடத்திப் பெருஞ்செல்வரான ஜேம்ஸ் லோகன் அந்த ஊரை உருவாக்கியவர். துடுப்பாட்டத்தில் பெரும் ஆர்வம் கொண்ட அவரே லோமனின் புரவலராகவும் விளங்கினார்.

1901இல் லோகன் தம் செலவில் தென்னாப்பிரிக்க அணி ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதன் மேலாளர் லோமன். அப்போது தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்தது. களத்தில் வீரர்கள் மடியும்போது உடல் நலமுள்ள இளைஞர்கள் துடுப்பாட வருவதா என்று, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாய்ல் உட்படச் சிலர் இந்தப் பயணத்தைக் கண்டித்தனர்.

அந்தப் பயணம் லோமனின் கடைசி இங்கிலாந்து வருகையாக அமைந்தது. தென்னாப்பிரிக்கா திரும்பிய சில மாதங்களில், 1901 டிசம்பர் 1 அன்று மாட்ஜிஸ்ஃபொன்டைனில் காலமானார். ஊருக்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். லோகனின் கல்லறையும் அங்கேயே உள்ளது. லோமனின் கல்லறை மீதுள்ள நினைவுக்கல்லை நிறுவச் செய்தது, அவரோடு ஊதியத்தில் உடன்பட மறுத்த சர்ரே கவுண்டிக் கழகமே.

மதிப்பீடு

10.75 என்ற சராசரியை இன்றைய பந்துவீச்சாளர்களின் சராசரியோடு அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. ஆடுகளங்கள் வேறு, மட்டையாளர்களின் பயிற்சி வேறு. லோமனை அவர் காலத்தவரோடு ஒப்பிடுவதே முறை.

அதே காலத்தில் ஆடிய ஆஸ்திரேலியரான சார்லி டர்னர் 17 டெஸ்ட் போட்டிகளில் 101 விக்கெட்டுகளை 16.53 சராசரியில் எடுத்தார். பாபி பீல் 20 போட்டிகளில் 101 விக்கெட்டுகளை 16.98 சராசரியில் எடுத்தார். லோமனின் கணக்கிலிருந்து தென்னாப்பிரிக்காவில் எடுத்த 35 விக்கெட்டுகளை நீக்கிவிட்டாலும், வலிமையான ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மட்டும் 15 போட்டிகளில் 77 விக்கெட்டுகள், சராசரி 13.01 என்பது மிஞ்சுகிறது. அதே ஈர ஆடுகளங்களில் வீசிய பெரும் பந்துவீச்சாளர்களையும் அவர் விஞ்சி நின்றார் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

ஐசிசி தரவரிசைப் புள்ளிகளைப் பழைய போட்டிகளுக்கும் கணக்கிட்டபோது, டெஸ்ட் பந்துவீச்சாளர் ஒருவர் எட்டிய மிக உயர்ந்த புள்ளிகள் சிட்னி பார்ன்ஸின் 932 எனவும், அடுத்தது லோமனின் 931 எனவும் தெரியவந்தது.

ஆட்டத்திறனைப் போலவே, 1896இல் அவர் எழுப்பிய கேள்வியும் துடுப்பாட்ட வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. மக்கள் யாருடைய ஆட்டத்தைப் பார்க்கப் பணம் கொடுக்கிறார்களோ, அந்த ஆட்டக்காரருக்கு அதில் உரிய பங்கு உண்டா என்பதே அந்தக் கேள்வி. அதற்கு ஆம் என்ற விடை கிடைத்தபோது, அதனால் பயனடையும் நிலையில் அவர் இல்லை.

புள்ளிவிவரங்கள்

டெஸ்ட் போட்டிகள்: 18 (1886–1896)
விக்கெட்டுகள்: 112
கொடுத்த ஓட்டங்கள்: 1,205
சராசரி: 10.75
ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக வீசிய பந்துகள்: 34.1
சிறந்த பந்துவீச்சு (இன்னிங்ஸ்): 28 ஓட்டங்களுக்கு 9
சிறந்த பந்துவீச்சு (போட்டி): 45 ஓட்டங்களுக்கு 15
எடுத்த ஓட்டங்கள்: 213 (அதிகபட்சம் ஆட்டமிழக்காமல் 62)
முதல்தரப் போட்டிகள்: 293
முதல்தர விக்கெட்டுகள்: 1,841

தொடர்வாரியாக டெஸ்ட் விக்கெட்டுகள்

1886, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தில்: 3 போட்டிகள், 13 விக்கெட்டுகள்
1886-87, ஆஸ்திரேலியாவில்: 2 போட்டிகள், 16 விக்கெட்டுகள்
1887-88, ஆஸ்திரேலியாவில்: 1 போட்டி, 9 விக்கெட்டுகள்
1888, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தில்: 3 போட்டிகள், 11 விக்கெட்டுகள்
1890, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தில்: 2 போட்டிகள், 9 விக்கெட்டுகள்
1891-92, ஆஸ்திரேலியாவில்: 3 போட்டிகள், 16 விக்கெட்டுகள்
1895-96, தென்னாப்பிரிக்காவில்: 3 போட்டிகள், 35 விக்கெட்டுகள்
1896, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தில்: 1 போட்டி, 3 விக்கெட்டுகள்